வடநாட்டுக் குளிரும் வயதான தோலும்

தீபாவளி எண்ணெய்க் குளியல் முடிந்து இரண்டு மூன்று வாரம் ஆனதும் டெல்லியில் நம் தமிழர் வீடுகளில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பிக்கும். சொறியும் சத்தம். முதலில் கணுக்கால், பிறகு முழங்காலுக்குக் கீழே, அப்புறம் முதுகு. அறுபது தாண்டியவர்களுக்கு ராத்திரி ரஜாய்க்குள் புகுந்ததும் அது உச்சத்துக்குப் போகும். சீப்பு, ஸ்கேல், ஸ்வெட்டர் பின்னும் ஊசி என்று கையில் கிடைப்பதெல்லாம் முதுகுக்குப் போகும். "ரத்தம் கெட்டுப் போச்சு", "கத்தரிக்காய் ஒத்துக்கலை" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வோம். பெரும்பாலான வீடுகளில் குற்றவாளி ரத்தமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் பழகிய குளியலை, வயதும் ஊரும் மாறிய பிறகும், டெல்லிக் குளிரில் அப்படியே தொடர்வதுதான்.

நான் டாக்டர் அல்ல. சிவில் டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் இருப்புப் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நம் சங்கத்து மூத்தவர்கள் கூடிப் பேசும்போது சர்க்கரை, பிரஷர், முழங்கால் இவற்றுக்கு அடுத்தபடியாக அடிபடும் விஷயம் தோல்தான். அதுபற்றிப் படித்ததையும், தோல் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். "இது பெண்கள் சமாசாரம்" என்று ஆண்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ராத்திரி சொறிவதில் ஆண் பெண் பேதம் கிடையாது.

ஒரு சராசரி ஆளின் தோலை விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரும். இதில் உடம்பின் ஈரத்தை உள்ளேயே நிறுத்தி வைப்பது மேலே இருக்கும் மிக மெல்லிய ஒரு படலம்தான். உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருந்தால் அதிகம். தோல் டாக்டர்கள் இதைச் செங்கல் சுவர் என்றே வர்ணிக்கிறார்கள். செத்த செல்கள் செங்கல். அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்பு சாந்து. சாந்து சரியாக இருந்தால் தண்ணீர் வெளியே கசியாது, வெளி அழுக்கு உள்ளே போகாது. இளம் வயதில் இந்தச் சுவர் சுமார் நான்கு வாரத்துக்கு ஒரு முறை கீழிருந்து புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டே வருகிறது. வயதானால் கொத்தனார் மெதுவாக வேலை செய்கிறார். சாந்தும் குறைகிறது, எண்ணெய்ச் சுரப்பும் குறைகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு அது சட்டென்று குறைந்துவிடுகிறது. ஊரில் இருக்கும் உங்கள் அக்காவுக்கும் இதெல்லாம் நடக்கிறது. ஆனால் கடலோரத்து ஈரக் காற்று அவரைக் காப்பாற்றுகிறது.

இங்கே காற்று என்ன செய்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஐந்து டிகிரி குளிரில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 கிராம்தான். இருபது டிகிரியில் அதுவே 17 கிராம். ஜனவரி விடிகாலையில் வெளியே பனிமூட்டம், எதிர் வீடு தெரியவில்லை, ஈரப்பதம் நூறு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றையே அறைக்குள் அடைத்து ஹீட்டர் போட்டு இருபது டிகிரிக்குக் கொண்டுவந்தால், அதே 7 கிராம் இப்போது 17 கிராம் தாங்கும் காற்றில் இருக்கிறது. ஈரப்பதம் நாற்பது சதவீதத்துக்கு வந்துவிட்டது. பாக்கியைக் காற்று எங்கிருந்தாவது எடுத்துக்கொள்ளப் பார்க்கும். ஈரத் துணியிலிருந்து எடுக்கும், மரக் கதவிலிருந்து எடுக்கும், நம் காலிலிருந்தும் எடுக்கும்.

இந்த நிலைமையில் நாம் என்ன செய்கிறோம்? நம் ஜனங்களுக்கு ஒரு நாள் குளிக்காவிட்டால் பூஜை அறைப் பக்கம் போக மனசு வராது. அது நல்ல பழக்கம், விடச் சொல்லவில்லை. ஆனால் கீசரை முழுச் சூட்டில் வைத்து, ஆவி பறக்கப் பறக்க இரண்டு பக்கெட் ஊற்றிக்கொண்டு, தலை முதல் கால் வரை சோப்பைத் தேய்த்து, அதற்கு மேல் பீர்க்கங்கூடோ நைலான் நாரோ போட்டு உரசினால் அந்த மெல்லிய சுவரின் கதி என்ன? வெண்ணெய் ஏனத்தை எப்படிக் கழுவுகிறோம்? வெந்நீரும் சோப்பும் போட்டுத்தானே? அதே வேலையை உடம்புக்கும் செய்கிறோம். குளித்து வந்த பத்தாவது நிமிஷம் காலில் வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரிகிறது. நகத்தால் கீறினால் ஸ்லேட்டில் எழுதின மாதிரி இருக்கிறது.

சோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தப் பொருளானாலும் அதன் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு வாங்குவது என் வழக்கம். சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும். அது சோப்பில் இருக்கும் கொழுப்புப் பொருளின் அளவு. 76 இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். முதல் தரம் நல்லதுதான், ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. எந்தத் தரமானாலும் சோப்பு காரம். அதன் காரத்தன்மை ஒன்பது, பத்து என்ற அளவில் இருக்கும். ஆரோக்கியமான தோல் ஐந்தை ஒட்டிய லேசான அமிலம். ஆகவே குளிர்காலத்தில் சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும் போதும். புழுதியில் வேலை செய்யாத ஆளுக்குக் கை கால் முதுகுக்குத் தினமும் சோப்பு எதற்கு?

வெதுவெதுப்பான தண்ணீர், மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. ஐந்திலிருந்து பத்து நிமிஷத்துக்குள் குளியல் முடிய வேண்டும். டவலால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, உடம்பில் ஈரம் இருக்கும்போதே, சுமாராக மூன்று நிமிஷத்துக்குள், எண்ணெயோ க்ரீமோ தடவிவிட வேண்டும். இதுதான் முக்கியம். காய்ந்த தோலில் எண்ணெய் தடவினால் அது வறட்சியை மூடி வைக்கிறது. ஈரத் தோலில் தடவினால் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிறது. அதே எண்ணெய், அதே செலவு, பலன் வேறு. என் சர்வீஸ் காலத்தில் தண்டவாள இணைப்புகளில் ஃபிஷ் பிளேட்டுகளைக் கழற்றி எண்ணெய் போடுவதற்கு அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை என்று காலம் குறித்திருந்தார்கள். அங்கே காரணம் வேறு என்றாலும், நம் கால்களுக்கும் அதே மாதங்கள் பொருந்துகின்றன.

எந்த எண்ணெய்? இதில் தேங்காய் எண்ணெய்க்கு நல்ல சாட்சியம் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ளவர்களிடம் நடத்தி 2004-ல் வெளியான ஒரு பரிசோதனையில், அது மினரல் ஆயிலுக்குச் சமமாக வேலை செய்தது. டெல்லி டிசம்பரில் அது பாட்டிலுக்குள் கல்லாகிவிடும். குளிக்கிற வெந்நீரிலேயே பாட்டிலை நிற்க வைத்தால் போதும். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமி கடுகு எண்ணெயைச் சிபாரிசு செய்வார். குளிருக்குச் சூடு தரும் என்பார். உண்மையில் அந்தச் "சூடு" என்பது தோல் எரிச்சல்தான். 2002-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், தோல் சுவர் சேதமான எலிகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியபோது அது சீக்கிரம் சரியாயிற்று. கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் தடவியபோது தாமதமாயிற்று. மாமியிடம் சண்டைக்குப் போக வேண்டாம், நம் காலுக்கு மட்டும் வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய்ப் பிசுக்கு பிடிக்காதவர்கள் வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் க்ரீமோ, பெட்ரோலியம் ஜெல்லியோ பயன்படுத்தலாம். விலை கூடினால் குணம் கூடும் என்பது இந்தச் சரக்கில் செல்லாது.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட மனசில்லாதவர்கள் தாராளமாகத் தொடரலாம், ஒரே ஒரு மாற்றத்தோடு. சீயக்காயைத் தலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உடம்பில் பயத்தம் மாவைப் பாலேடு கலந்து லேசாகப் பூசிக் கழுவினால் போதும். கொஞ்சம் எண்ணெய் உடம்பிலேயே இருக்கட்டும். ஆனால் குளியலறைத் தரை! எண்ணெய்க் காலோடு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் தோலைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு ரப்பர் விரிப்பு, சுவரில் ஒரு கைப்பிடி இவை க்ரீமை விட அவசியம். இன்னொன்று, பெட்ரோலியம் ஜெல்லி, பாரஃபின் க்ரீம், எண்ணெய் இவை ஊறிய துணி சுலபமாகத் தீப்பிடிக்கும். கம்பி ஹீட்டருக்குப் பக்கத்திலும், பூஜை விளக்குக்கு முன்னாலும் சால்வைத் தலைப்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

குதிகால் வெடிப்புக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து நிமிஷம் வெதுவெதுப்பான நீரில் காலை வைத்து, ஒற்றித் துடைத்து, யூரியா கலந்த க்ரீம் தடவி, பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுத்தால் இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். சர்க்கரை உள்ளவர்கள் பிளேடு, கத்தி, கல் எதையும் காலில் வைக்கக்கூடாது. மரத்துப் போன காலில் சூடு தெரியாது என்பதால், தண்ணீரை வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வெடிப்பு ஆழமாகி ரத்தம் வந்தால் அன்றைக்கே டாக்டர்.

அரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். தோல் கிழடு தட்டுவதற்கு வயதை விடப் பெரிய காரணம் வெயில். இதற்குப் புத்தகம் வேண்டாம், கண்ணாடி முன் நின்றால் போதும். கையைத் தூக்கி, மேல்கையின் உட்பக்கம் அக்குளை ஒட்டிய தோலைப் பாருங்கள். பிறகு முன்கையின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் வயது ஒன்றே. உட்பக்கம் வழவழப்பாக, ஒரே நிறமாக இருக்கும். வெளிப்பக்கம் கறுத்து, தடித்து, புள்ளி விழுந்திருக்கும். தள்ளு டிராலியில் உட்கார்ந்து, குடை நிழலிலும் வெயிலிலுமாக வருஷக்கணக்கில் பாதையைப் பார்த்துக்கொண்டு போன என் கையில் இந்த வித்தியாசம் சட்டைக் கை முடியும் இடத்தில் கோடு போட்ட மாதிரித் தெரிகிறது. என்னோடு நடந்த கீமேன்களின் பிடரியைப் பார்த்தால், நாற்பது வயதிலேயே அது வெடித்த களிமண் நிலம் போல் கட்டம் கட்டமாக இருக்கும்.

அமெரிக்காவில் 28 வருஷம் டெலிவரி லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் புகைப்படம் 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்து பிரபலமாயிற்று. ஜன்னல் பக்கமாக இருந்த அவருடைய இடது கன்னம் வலது கன்னத்தை விடப் பல வருஷம் மூத்தது போல் சுருங்கித் தொங்குகிறது. காரணம் கண்ணாடி வழியாக வந்த வெயில். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்களில் முக்கியமாக இரண்டு வகை. பி வகை தோலைச் சுட்டுக் கறுக்க வைக்கும். உடம்பு வைட்டமின் டி செய்துகொள்வதும் இதைக் கொண்டுதான். ஏ வகை ஆழமாக இறங்கி, தோலை இழுத்துப் பிடித்திருக்கும் நார்களைத் தளர்த்தும். சாதாரண ஜன்னல் கண்ணாடி பி வகையைத் தடுத்துவிடும், ஏ வகையில் பெரும்பகுதியை விட்டுவிடும். ஆகவே குளிருக்கு அடக்கமாகக் கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்து வெயில் காய்பவர்களுக்கு வைட்டமின் டி கிடையாது, சுருக்கம் மட்டும் உண்டு. மொட்டை மாடிக்கே போய்விடலாம். கைகால்களில் கொஞ்ச நேரம் வெயில் படட்டும், முகத்துக்குத் தொப்பியோ முந்தானையோ இருக்கட்டும்.

முகத்தில் பூசும் சன்ஸ்கிரீன் வெறும் விளம்பரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை ஒரு பரிசோதனை நடத்தினார்கள். 55 வயதுக்குட்பட்ட 903 பேரின் புறங்கைத் தோலை ஆராய்ந்து, முடிவை 2013-ல் வெளியிட்டார்கள். தினமும் தடவியவர்களுக்கு நாலரை வருஷத்தில் தோல் மூப்பு கூடியதாகவே தெரியவில்லை. இஷ்டப்பட்டபோது தடவியவர்களோடு ஒப்பிட்டால் 24 சதவீதம் குறைவு. அவர்கள் வெள்ளைத் தோல்காரர்கள், நம் நிறம் நமக்குக் கொஞ்சம் இயற்கைப் பாதுகாப்பு தருகிறது. ஆனாலும் நம்மவருக்கு முதலில் வருவது சுருக்கம் அல்ல, கன்னத்தில் மங்கு. அதற்கும் வெயில் எண்ணெய் ஊற்றுகிறது. எஸ்.பி.எஃப். 30 உள்ளது போதும். பட்டாணி அளவு எடுத்துத் தடவினால் அந்த எண்ணுக்குரிய பலன் வராது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் வேண்டும். இது கட்டுப்படியாகாது என்பவர்களுக்குக் குடை இருக்கிறது. டெல்லியில் ஆண்பிள்ளை குடை பிடித்தால் சிரிக்கிறார்களா, சிரித்துவிட்டுப் போகட்டும்.

மங்கு என்றதும் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். காஜியாபாதில் இருக்கும் என் மைத்துனிக்கு ஐம்பது வயதில் இரு கன்னத்திலும் மங்கு விழுந்தது. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். பக்கத்து மருந்துக் கடையில் சின்ன டியூப் ஒன்றைக் கொடுத்து, "ராத்திரி தடவுங்க" என்றார்கள். இரண்டே வாரத்தில் முகம் பளபளவென்று ஆகிவிட்டது. கல்யாணத்தில் எல்லாரும் என்ன ரகசியம் என்று கேட்டார்கள். அவளும் தாராளமாகச் சொன்னாள். அடுத்த ஒன்றரை வருஷம் டியூப் மாற்றி டியூப். நான் ஒருமுறை அந்த டியூபை வாங்கி பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். கூடவே, டாக்டர் சீட்டுடன் மட்டுமே விற்க வேண்டும் என்ற எச்சரிக்கை.

"இதுல ஸ்டீராய்ட் இருக்கும்மா, எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டேன்.

"டாக்டர் எதுக்கு அத்தான்? நாலு நாள் விட்டா முகம் தீயா எரியுது, தடவினா அடங்கிடுது. எனக்கு இது ஒத்துக்கிச்சு" என்றாள்.

அந்தப் பதிலிலேயே நோய் இருந்தது. ஸ்டீராய்ட் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, அதனால் முகம் வெளுப்பாகத் தெரிகிறது. கூடவே தோலையும் மெலிய வைக்கிறது. நிறுத்தினால் சுருங்கிய குழாய்கள் விரிந்து முகம் சிவந்து எரிகிறது. எரிச்சலுக்குப் பயந்து மறுபடி தடவுகிறோம். கடைசியில் அவளால் அடுப்புக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நிற்க முடியவில்லை. கன்னத்தில் சிவப்பு நூல் போல் நரம்புகள், தாடையில் பருக்கள், பூனை முடி. மங்கு முன்பை விடக் கறுப்பாகத் திரும்பி வந்தது. தோல் டாக்டர் அந்த க்ரீமை நிறுத்தி, சாதாரண மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும், எரிச்சலுக்கு மாத்திரையும் கொடுத்தார். முதல் ஆறு வாரம் அவள் வெளியே தலை காட்டவில்லை. ஓரளவு தேற எட்டு மாதம் ஆயிற்று. நரம்புகள் இன்னும் இருக்கின்றன. இதை எழுதுங்கள் என்று சொன்னவளும் அவள்தான்.

இந்த வகைக் கலவையை 1975-லேயே க்ளிக்மன், வில்லிஸ் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் மங்குக்காக வகுத்தார்கள். டாக்டர் பார்வையில், குறிப்பிட்ட சில வாரங்களுக்கு, அது மருந்து. முகப்பூச்சாக வருஷக்கணக்கில் தடவினால் விஷம். நம் நாட்டுத் தோல் டாக்டர்கள் சங்கம் இதை எதிர்த்துப் பல வருஷம் குரல் கொடுத்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்ட் பூச்சுகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று அறிவித்தது. சட்டம் இருக்கிறது, கடைக்காரர் சீட்டு கேட்கிறாரா என்பதை நீங்களே போய்ப் பாருங்கள். டியூபில் பெயரைப் படியுங்கள். பீட்டாமெதசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன், க்ளோபெட்டசால் இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்ட். படர்தாமரைக்கு "எல்லாம் சேர்ந்த" க்ரீம் என்று கடையில் தருவதிலும் இது இருக்கும். அரிப்பு உடனே நிற்கும், படை உள்ளுக்குள் பரவும்.

பெயரே போடாத சிவப்பழகு க்ரீம்கள் இன்னொரு ரகம். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயோடு வந்த சிலரை விசாரித்தபோது, அவர்கள் தயாரிப்பு விவரம் சரியாக இல்லாத சிவப்பழகு க்ரீம்கள் உபயோகித்தது தெரிந்தது. அவற்றில் பாதரசம் இருந்தது. முகத்துக்குப் பூசியது சிறுநீரகத்தில் போய் வேலை காட்டியிருக்கிறது.

குடிக்கிற கொலாஜன் பவுடர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அந்த விலைக்குப் பருப்பும் முட்டையும் பாலும் வாங்கிச் சாப்பிடலாம் என்பது என் அபிப்பிராயம். பீடி சிகரெட் தோலைச் சுருக்கும் என்பதைப் பிடிப்பவர்களின் முகமே சொல்லும்.

கன்னத்தில் வரும் சின்னச் சின்னக் கறுப்பு மருக்கள், முதுகில் ஒட்டிவைத்தது போன்ற பழுப்புத் திட்டுகள் இவை பெரும்பாலும் வயதின் அடையாளம், தொந்தரவு செய்யாதவை. சுண்ணாம்பும் சோடாவும் வைத்துச் சுட வேண்டாம். ஆனால் ஒரு மச்சம் பெரிதானால், ஓரம் கோணலானால், நிறம் மாறினால், ரத்தம் கசிந்தால் காட்ட வேண்டும். ஆறாத புண் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால் காட்ட வேண்டும். வெளிறிய தேமலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கட்டாயம் காட்ட வேண்டும். அது தொழுநோயாக இருக்கலாம், மருந்தில் முழுமையாகக் குணமாகும். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ராத்திரியில் விரல் இடுக்கிலும் இடுப்பிலும் அரித்தால் அது வறட்சி அல்ல, சிரங்கு. எல்லாரும் ஒரே நாளில் மருந்து போட்டாக வேண்டும். ஒழுங்காக எண்ணெய் தடவியும் மூன்று வாரத்தில் அரிப்பு அடங்காவிட்டால் சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், ஈரல் இவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள்.

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. மற்றவர்கள் சஃப்தர்ஜங், ராம் மனோகர் லோகியா, எய்ம்ஸ் ஆகியவற்றின் தோல் பிரிவுக்குப் போகலாம். கூட்டம் இருக்கும், காலையிலேயே கிளம்ப வேண்டும். போகும்போது வீட்டில் இருக்கும் டியூப், எண்ணெய், சோப்பு உறை, நாட்டு மருந்துப் பொட்டலம் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அன்றைக்கு மட்டும் உடம்பில் எதுவும் தடவிக்கொள்ளாமல் போவது நல்லது.